கல்லாக இறுகிய மார்பகம்: மறுபடி ஆபரேஷனுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஈரோடு பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. 2017-ல் இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று தெரிந்து மார்பகத்தை எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் சிலிக்கான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். பிறகு கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்தது. நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரை 10 வருடம் என்று சொல்லி இன்னும் ஓடுகிறது. முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இடது பக்கம் கல் மாதிரி இறுகி, மேலே ஏறி நிற்கிறது. போர்டில் எழுதக் கை தூக்கினால் இழுக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. சேலையை எப்படிக் கட்டினாலும் வித்தியாசம் தெரிகிறது. வேறு இம்ப்ளான்ட் மாற்றி வைத்துச் சரிசெய்யலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். வீட்டிலோ, "உயிர் பிழைத்ததே பெரிய விஷயம், இந்த வயதில் அழகுக்காக இன்னொரு ஆபரேஷனா" என்கிறார்கள். நான் பேராசைப்படுகிறேனா டாக்டர்? செய்வதென்றால் எப்படித் தயாராவது? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மே மாத லீவில் வைத்துக்கொள்ளலாமா?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பேராசை இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன். கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தவருக்கு நாலு வருடம் கழித்து அது உறுத்தினால் திறந்து எடுக்கிறோம். "நடக்க முடிகிறதே, போதாதா" என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு வைத்த இம்ப்ளான்டும் புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அது இறுகி, கையைத் தூக்க விடாமல், தூக்கத்தையும் கெடுக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது, சிகிச்சையில் மிச்சம் இருப்பதைக் கேட்பதுதான். வலியே இல்லை, கண்ணாடியில் பார்த்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

வீட்டில் இருப்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். 2017-ல் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் அவர்கள். மறுபடி அங்கே உட்காரப் பயப்படுகிறார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உங்கள் கணவரையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இறுகலை டாக்டர் விளக்கும்போது அவர்களும் கேட்கட்டும்.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கிறது? வெளிப்பொருள் எது உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டும். இம்ப்ளான்ட் வைத்த எல்லோருக்கும் இது உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது வெங்காயத் தோல் மாதிரி மெல்லியதாக இருந்துவிடும். சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி, உள்ளே இருப்பதைப் பிடித்து நெருக்கும். இதை நான்கு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முதல் நிலையில் தொட்டாலும் தெரியாது. இரண்டாவதில் லேசான கெட்டித்தன்மை, பார்வைக்கு மாற்றம் இல்லை. மூன்றாவதில் கெட்டியாகி வடிவமும் மாறும். நான்காவதில் வலியும் சேரும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான்காவது நிலை என்றுதான் தோன்றுகிறது. கரண்ட் வைத்த இடத்தில் இது அதிகம் நடக்கும். கதிர்வீச்சு பட்ட தோலிலும் தசையிலும் ரத்த ஓட்டம் குறைந்து, சதை நாராக மாறுகிறது. அதுவும் வருடக் கணக்கில் மெதுவாக நடக்கும். அதனால்தான் உங்களுக்கு முதல் இரண்டு வருடம் நன்றாக இருந்தது. பல வருடம் ஆன உறையைத் திறந்து பார்த்தால் சில சமயம் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு மாதிரி இருக்கும், கத்தி படும்போது நொறுங்கும். யாராவது எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் இளகிவிடும் என்று சொன்னால் கேட்காதீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே கையால் நசுக்கி உறையை உடைத்துப் பார்த்தார்கள். இம்ப்ளான்டே உள்ளே கிழிந்துபோனதால் அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆபரேஷன் பேச்சுக்கு முன்னால் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். ஒன்று, இது நோய் திரும்பி வந்ததன் அறிகுறி இல்லை என்பது. உங்கள் புற்றுநோய் டாக்டர் கையால் பரிசோதித்து, வலது பக்கத்துக்கு மேமோகிராம் எடுத்து, இடது பக்கத்துக்கு ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ பார்த்துச் சொல்லட்டும். இரண்டு, உள்ளே இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்பது. சிலிக்கான் கிழிந்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அதனால் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., இம்ப்ளான்ட் வைத்த 5, 6 வருடத்தில் ஒரு ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ, அதன் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு முறை என்று பரிந்துரைக்கிறது. நீங்கள் எட்டு வருடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஒரு தடவையாவது எடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. மூன்று, கை தூக்கும்போது வரும் வலி முழுக்க இம்ப்ளான்டால்தானா என்பது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்து, கரண்டும் வைத்தவர்களுக்குத் தோள்மூட்டே இறுகிப்போவது சகஜம். அப்படியானால் பிசியோதெரபிதான் அதற்கு மருந்து. எவ்வளவு நல்ல ஆபரேஷன் செய்தாலும் தோள்வலி அப்படியே இருக்கும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். இம்ப்ளான்ட் டப்பாவோடு கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் எண், சீரியல் எண் அச்சடித்த ஒட்டும் ஸ்டிக்கர் வரும். ஒன்று ஆபரேஷன் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும், ஒன்று உங்கள் கையில் கார்டாகக் கொடுத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் வைத்தவற்றில் சிலவற்றின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அந்த வகை வைத்த மிகச் சிலருக்கு, இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள உறையில் லிம்ஃபோமா என்ற ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வந்தது தெரியவந்ததும், அலர்கன் கம்பெனி பயோசெல் என்ற தன் சொரசொரப்பு இம்ப்ளான்ட்களை 2019 ஜூலையில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உங்களுக்கு வைத்தது 2017. அதனால்தான் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொல்கிறேன். அந்த வகையாகவே இருந்தாலும் பதற வேண்டாம். தொந்தரவு இல்லாதவர்கள் அதற்காக மட்டும் எடுத்துவிட வேண்டியதில்லை என்றுதான் அப்போதே சொன்னார்கள். ஆனால் உங்களுக்கு எப்படியும் ஆபரேஷன் பேச்சு நடக்கிறது. அந்த வகை என்று முன்கூட்டியே தெரிந்தால் உறையை முழுதாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப டாக்டர் திட்டமிடுவார். ஸ்டிக்கர் இல்லையென்றால் அந்த மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. ஆனால் 3 வருடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதியில் இல்லை. அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இந்த ஆபரேஷனுக்கு அவசரம் கிடையாது. ஆனால் திடீரென்று அந்தப் பக்கம் வீங்கினாலோ, புதுக் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, தோல் மெலிந்து உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஆனாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள். வருடங்கள் கழித்து வருகிற வீக்கத்தில் நீர் கோத்திருந்தால், அந்த நீரை ஊசியில் எடுத்துச் சோதிக்காமல் யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

இனி உங்கள் டாக்டர் சொன்ன "மாற்றி வைத்தல்". இதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இறுகிய உறையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது இம்ப்ளான்ட் வைப்பது சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். கரண்ட் வைக்காத மார்பகமாக இருந்தால் நானும் அதையே முதலில் சொல்வேன். உங்களுக்கு அந்த இடத்தின் தோலும் தசையும் கதிர்வீச்சு பட்டவை. உறையைத் தூண்டிய காரணம் அங்கேயே இருக்கிறது. புது இம்ப்ளான்டும் மறுபடி இறுகுவதற்கான வாய்ப்பு அதிகம். தையல் ஆறாமல் பிரிவதும் நடக்கும். அதனால் அவரிடம், "கரண்ட் வைத்த பக்கத்தில் இதையே மறுபடி செய்தால் எத்தனை வருடம் தாங்கும்? என் சொந்தச் சதையை வைத்துச் செய்ய முடியுமா? அது உங்களிடம் நடக்கிறதா, வேறு இடத்துக்குப் போக வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சொந்தச் சதையில் முக்கியமாக இரண்டு வழி. தொப்புளுக்குக் கீழே இருக்கும் தோலையும் கொழுப்பையும் அதன் ரத்தக் குழாயோடு எடுத்து, மார்பில் இருக்கும் ரத்தக் குழாயோடு மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பது ஒன்று. தசையை எடுப்பதில்லை. ஆறிய பிறகு அது உங்கள் உடம்புதான், வெயிட் போட்டால் அதுவும் போடும், இளைத்தால் அதுவும் இளைக்கும். கரண்டால் கெட்ட இடத்துக்கு நல்ல ரத்த ஓட்டமுள்ள சதை போய்ச் சேர்வதால் இறுகலுக்கு இது நிலையான பதில். ஆனால் 6 முதல் 8 மணி நேர ஆபரேஷன், நாலைந்து நாள் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு நாள் ராத்திரி முழுக்க, சதை சூடாக இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று நர்ஸ் மணிக்கொரு தடவை பார்ப்பார். தைத்த ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே திரும்ப தியேட்டருக்குப் போக வேண்டும். சில சமயம் சதை முழுதும் போய்விடுவதும் உண்டு. இதைத் தொடர்ந்து செய்கிற குழுவிடம் மட்டுமே போகச் சொல்வதன் காரணம் அதுதான். சிசேரியன் தழும்போ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்போ இருந்தால் பெரும்பாலும் தடையில்லை, சி.டி. ஸ்கேனில் ரத்தக் குழாயைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

மற்றொன்று முதுகுத் தசையைத் தோலோடு அக்குள் வழியாக முன்னால் திருப்பி வைப்பது. ரத்தக் குழாயைத் துண்டிக்காததால் ஆபத்து குறைவு, நேரமும் குறைவு. அளவு போதாவிட்டால் வயிறு, தொடையில் இருந்து கொழுப்பை உறிஞ்சி ஊசி மூலம் நிரப்பலாம். நிரப்பிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும்.

மூன்றாவது வழியை டாக்டர்கள் பல பேர் வாய் திறந்து சொல்வதே இல்லை. இம்ப்ளான்டையும் உறையையும் எடுத்துவிட்டு, மார்பைத் தட்டையாக, சுத்தமாக மூடி அப்படியே விட்டுவிடுவது. வலி போகும், ஆபரேஷன் சின்னது, பிரா உள்ளே வைக்கிற செயற்கை மார்பகம் கிடைக்கிறது, பஞ்சு அடைத்துப் பின்னிய பருத்தி மார்பகமும் உண்டு. என்னிடம் வந்தவர்களில் இதைத் தேர்ந்தெடுத்து நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். இதுவும் தோல்வி கிடையாது.

எதைச் செய்தாலும் தொடு உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருக்காது. வலது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கியோ சிறிதாக்கியோ சமப்படுத்த முடியும், அதுவும் இந்தத் திட்டத்திலேயே சேரும்.

உங்கள் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 2017-ல் உங்களுக்கு வயது 38. அந்த வயதில் உங்களுக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது. புற்றுநோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுச் சோதனை எடுத்தீர்களா? எடுக்காவிட்டால் ஆபரேஷனுக்கு முன்னால் எடுங்கள். ரத்தப் பரிசோதனைதான். காரணம் சொல்கிறேன். வயிற்றுச் சதையை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். இப்போது இடது பக்கத்துக்கு அதைப் பயன்படுத்திவிட்டு, மூன்று வருடம் கழித்து மரபணுக் கோளாறு தெரிந்து வலது மார்பகத்தையும் எடுக்கலாம் என்று முடிவானால், அப்போது எடுக்க வயிற்றில் சதை இருக்காது. முன்பே தெரிந்தால் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டமிடலாம். அந்தக் கோளாறு சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் கூட்டும், அதனால் சினைப்பை பற்றியும் யோசிக்க வேண்டும். சோதனை முடிவு உங்கள் மகளுக்கும் தேவைப்படும்.

எந்த வழி என்று முடிவெடுக்க ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். என்னிடம் வருபவர்களை இரண்டு ஜாக்கெட் எடுத்து வரச் சொல்வேன், நன்றாகப் பொருந்துவது ஒன்று, பொருந்தாதது ஒன்று. ஒரு அம்மா ஒரு நீல ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். இடது பக்கம் டார்ட் பிடித்த இடத்தில் டெய்லர் இரண்டு முறை பிரித்துத் தைத்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அக்குளுக்கு முன்னால் ஒரு மடிப்பு, எவ்வளவு இழுத்தாலும் போகவில்லை. அரை மணி நேரம் பேசியும் எனக்குப் புரியாத அவருடைய தொந்தரவு அந்த மடிப்பில் புரிந்தது. அவருக்கு அளவு பிரச்சினையே இல்லை, உயரம்தான் பிரச்சினை. நீங்களும் கொண்டு போங்கள். வலி, கை தூக்குவது, படுப்பது, சேலை, கண்ணாடி, இதில் எது முதலில் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வலி மட்டும் போனால் போதும் என்று மனம் சொன்னால் 8 மணி நேர ஆபரேஷன் உங்களுக்குத் தேவையில்லாமலே போகலாம். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.சிஎச்., டி.என்.பி. அல்லது டி.ஆர்.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். இரண்டாவது கருத்து கேட்பதில் கூச்சம் வேண்டாம். செலவு கட்டுபடியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. சென்னை ஸ்டான்லியின் பிரிவு நாடறிந்தது.

தயாராவதைச் சொல்கிறேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, மூன்று மாத சுகர் அளவு எவ்வளவு என்று இப்போதே பாருங்கள். குறைந்த ரத்தத்தை உயர்த்த இரண்டு மூன்று மாதமாவது வேண்டும், கடைசி வாரத்தில் முடியாது. கரண்ட் வைத்த தோல் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். தினம் முட்டை, பருப்பு, சுண்டல், மீன், எது பழக்கமோ அது. கணவர் சிகரெட் பிடிப்பவரானால் ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாலிருந்து வீட்டுக்குள் வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், ஒட்டவைத்த சதைக்கு ஆகாது.

டமாக்சிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். பெரிய ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பு அதை நிறுத்தி வைப்பது வழக்கம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது, புற்றுநோய் டாக்டரும் சர்ஜனும் பேசி நாள் குறிக்க வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, சித்தா, ஆயுர்வேத மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூலிகைதானே என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், சிலவற்றால் ரத்தப்போக்கு கூடும். போகும்போது தாலிச் சரடு உட்பட எல்லா நகையையும் கழற்ற வேண்டியிருக்கும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

வீட்டில், தலைக்கு மேலே இருக்கும் டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலு, முன்பக்கம் கொக்கி உள்ள பிரா இரண்டு வாங்குங்கள். திரும்பும்போது உடம்போடு, உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் டியூப் ஒன்றிரண்டு இருக்கும். காலையும் மாலையும் எத்தனை மில்லி என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் பொதுவாக எடுத்துவிடுவோம். நாலு முதல் ஆறு வாரம் குடம் தூக்குவது, கிரைண்டரில் மாவு வழிப்பது, ஸ்கூட்டி ஓட்டுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று போவது எதுவும் வேண்டாம்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசிகளில் இருக்கும். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த அந்த விலக்கிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. கடிதத்தில் "மார்பக அழகு ஆபரேஷன்" என்று யாராவது எழுதிவிட்டால் கோரிக்கை மறுக்கப்படும். "மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பின் சிக்கலைச் சரிசெய்தல்" என்று, இறுகலின் நிலை, வலி, கை தூக்க முடியாமை எல்லாம் குறிப்பிட்டு டாக்டர் எழுதித் தரட்டும். அட்மிட் ஆவதற்கு முன்பே முன் அனுமதி வாங்குங்கள். அரசு ஊழியர் காப்பீட்டிலும் முதலில் அதைக் கேளுங்கள்.

மே மாதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வியர்வையிலும் புழுக்கத்திலும் இறுக்கமான பெல்ட் போட்டுக்கொண்டு படுப்பது கஷ்டம்தான். ஆனால் வயிற்றுச் சதை ஆபரேஷன் என்றால் ஆறு வாரமாவது லீவு வேண்டும், அதற்குக் கோடை விடுமுறைதான் உங்களுக்கு வசதி. மகள் பரீட்சையும் முடிந்திருக்கும். ஸ்கேன், மரபணுச் சோதனை, இரண்டு டாக்டரின் கருத்து, இதெல்லாம் மார்ச்சுக்குள் முடிந்தால் மே. முடியாவிட்டால் மெடிக்கல் லீவு போட்டு டிசம்பரில் செய்யலாம், தேதிக்காக எதையும் தவறவிடாதீர்கள்.

மகளிடம் பரீட்சை முடியட்டும் என்று மறைத்து வைக்காதீர்கள். பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு வீட்டில் கிசுகிசுப்பாக ஏதோ நடக்கிறது என்றால் தெரியும், அம்மாவுக்கு நோய் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்வாள். "பழைய ஆபரேஷனில் ஒரு ரிப்பேர் இருக்கிறது, அதைச் சரிசெய்யப் போகிறேன்" என்று சொல்லுங்கள். பழைய ஃபைலை இருவரும் சேர்ந்தே தேடுங்கள். ஸ்டிக்கர் கிடைத்ததும் அதில் இருக்கும் கம்பெனி பெயரையும் மாடலையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.